ரெண்டாயிரத்து முப்பதுக்காரி

தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துருச்சுங்க. நானா ஒட்டுக் கேக்கலை. பக்கத்துச் சீட்டுல உக்காந்துட்டு காதைக் கழட்டி பைக்குள்ள போட முடியுங்களா? ரிடையர்மெண்ட் ஃபண்டுல எந்த வருசத்தைப் போடறதுன்னுதானே உங்க வீட்டுக்காரரைக் கேட்டீங்க? உனக்குப் புடிச்சதைப் போடுன்னுட்டு வெச்சுட்டாரு. ஆம்பளைங்க அப்படித்தானுங்க. அவியளுக்குச் சேலை எடுக்கறதும் ஃபண்டு எடுக்கறதும் ஒண்ணு.

பொள்ளாச்சிக்குத்தானே? அப்ப நேரம் கெடக்குது. நான் சொல்றனுங்க. இதுல எனக்கு அனுபவம் உண்டு. இன்னைக்கு நான் போயிட்டு வர்றதே எங்கூட அந்த ஃபண்டுல இருந்த ஒரு அக்காவோட ரிடையர்மெண்ட் விழாவுக்குத்தான். கோகிலவாணி அக்கான்னு பேரு. பாவம், வயசாயிருச்சு அவியளுக்கு. அதை அப்புறம் சொல்றன்.

மலுமிச்சம்பட்டிக்கு உள்ளார ஒரு மோட்டார் பம்பு கம்பெனி. பேரு வேண்டாமுங்க, உப்புப் போட்ட இடம். நான் டிஸ்பாட்ச் செக்சன்ல இருந்தன். பம்பு, ஸ்பேரு எல்லாம் அட்டைப்பொட்டியில அடுக்கி, ஒட்டி, ஊர்ப் பேரு எழுதி லாரிக்கு ஏத்திவிடற சோலி. நான் சேந்து கொஞ்ச வருசம் கழிச்சு கோகிலவாணி அக்கா வந்தாங்க. வந்தப்ப அவியளைப் பாக்கணுமே நீங்க. மொகத்துல சிரிப்பே கிடையாது. எண்ணெய் வெச்சு இழுத்து முடிஞ்ச தலை, சாயம் போன சேலை. புருசங்காரன் எவகூடவோ போயிட்டான், கையில ஒரு பொட்டப்புள்ளை. அந்த மொகத்தைப் பாத்து வேற எப்படிங்க கூப்பிடறது? மொத நாளே, "ஏனுங்க அக்கா, அந்தக் கோந்து டப்பாவை இப்படி வைங்க"ன்னு சொல்லிட்டன். அவிய திரும்பி என்னை ஏற எறங்கப் பாத்தாங்க. அப்புறம் சத்தமில்லாம பொட்டாட்ட டப்பாவை வெச்சாங்க. அன்னையில இருந்து அக்காதான். நான் கூப்பிடறதைப் பாத்து மத்தவளுகளும் கூப்பிட்டாளுக, லோடு ஏத்தற பசங்களும் கூப்பிட்டாங்க, கடைசியில சூப்பர்வைசரே அக்கான்னுட்டாரு. அவிய என்னை வசந்தான்னு கூப்பிடுவாங்க. வசந்தாமணிங்கறது என்ற முழுப்பேரு.

இந்த எடத்துல என்ற வயசு பத்தி ஒண்ணு சொல்லோணும், ஏன்னா இந்த ஃபண்டே வயசு விசயம். எங்கூரு பள்ளிக்கூடத்து வாத்தியாரு சேக்கும்போது எனக்கு அஞ்சாறு வருசம் கூட்டி எழுதிப்போட்டாரு. எங்கம்மாளும் அதுதான் சரியான வருசம்னு சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தா. அவளுக்கு ஞாபகம் பத்தாது. எங்கூடப் படிச்சவளுக எல்லாம் பேரன் பேத்தி எடுத்து, முட்டிவலின்னு உக்காந்துட்டாளுக. அவளுகளுக்கும் அதே வாத்தியாருதான். ஆகமொத்தம் என்ற சர்ட்டிபிகேட்டு வயசு வேற, என்ற வயசு வேற. இது கம்பெனியில ஆருக்கும் தெரியாது. ஒருக்கா எனக்கு ஒடம்பு முடியாம ஆஸ்பத்திரியில போட்டப்ப, அந்த நர்ஸு சீட்டைப் பாத்து என்ற சர்ட்டிபிகேட்டு வயசை வார்டே கேக்கறாப்பல கத்திட்டா. கூட இருந்தது கோகிலவாணி அக்கா. நல்லவேளை, அவியளுக்குக் காது கொஞ்சம் மந்தம் போல இருக்குது. ஒண்ணுமே காட்டிக்கலை. ஆரஞ்சை உரிச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க.

சரி, ஃபண்டுக்கு வர்றன். முதலாளியோட மருமக ஆபீஸைப் பாத்துக்க வந்துச்சு. படிச்ச புள்ளை. பி.எஃப். ஒண்ணு மட்டும் பத்தாது, தொழிலாளிக வயசான காலத்துக்கு இன்னொண்ணும் வேணும், கம்பெனியும் ஒரு பங்கு போடும்னு ஒரு திட்டம் கொண்டாந்துச்சு. அதை வெளக்கறதுக்கு நிரஞ்சன்னு ஒரு தம்பி வந்தான். கேண்டீன்ல எல்லாரையும் உக்கார வெச்சு வெகு பொறுமையாத்தான் சொன்னான்.

விசயம் பெருசா ஒண்ணுமில்லைங்க. ஃபண்டுக்குப் பேரே வருசம்தான். ரெண்டாயிரத்து இருவது, இருவத்தஞ்சு, முப்பது, முப்பத்தஞ்சுன்னு. நீங்க வேலையை விட்டு நிக்கற வருசம் எதுவோ அதுக்குப் பக்கத்துல இருக்கறதை எடுத்துக்கோணும். வருசம் தூரமா இருந்தா உங்க பணத்துல எச்சுப் பங்கு ஷேர்ல இருக்கும். ஷேரு ஏறும், எறங்கும், ஆனா காத்திருக்க உங்களுக்கு நேரம் இருக்குது. வருசம் கிட்ட வர வர அவியளே கொஞ்சம் கொஞ்சமா ஷேரைக் கொறைச்சு, கடன்பத்திரம் அது இதுன்னு ஆட்டம் கம்மியா இருக்கற பக்கம் மாத்திருவாங்க. நாம ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை.

இதுலயும் ரெண்டு வகை. இந்த பஸ்ஸாட்டம்னு வெச்சுக்கங்க. ஒண்ணு பொள்ளாச்சி ஸ்டாண்டுல நின்னுரும். அதாவது அந்த வருசம் வந்துச்சுன்னா மாத்த வேண்டியதை எல்லாம் மாத்தி முடிச்சிருக்கும், அதுக்கு மேல அசையாது. பணத்தை மொத்தமா எடுக்கறவிங்களுக்கு அது. இன்னொண்ணு பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு வரைக்கும் மெதுவாப் போகும். வருசம் வந்த பின்னாலயும் கொஞ்சம் ஷேரு வெச்சிருந்து, அப்புறமும் பல வருசம் பைய பையக் கொறைக்கும். எடுக்காம விட்டு, வேணுங்கறப்ப வேணுங்கறப்ப வாங்கித் திங்கறவிங்களுக்கு அது. மேல ஒரே வருசம் போட்டிருந்தாலும் ரெண்டும் உள்ளார ஒண்ணில்லை. ஃபண்டு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால நீங்க வருசத்தைப் பாத்து மயங்கிராதீங்க. ரிடையர் ஆகற அன்னைக்கு எத்தனை பங்கு ஷேர்ல நிக்கும், அதுக்கப்புறம் என்ன ஆகும், செலவுன்னு எவ்வளவு புடிப்பாங்க, இதைக் கேளுங்க. எனக்கு இதெல்லாம் அத்துப்படி. என்ன, அப்ப கேக்கலை.

ஏன்னா அந்த நிரஞ்சன் ஒரு காரியம் பண்ணிட்டான் பாருங்க. செவுத்துல வருசம் எழுதி ஒட்டி, அவங்கவங்க வருசத்துக்குக் கீழ போய் உக்காருங்க, தனித்தனியாப் பேசிக்கலாம்னுட்டான். பொம்பளைக வேலை செய்யற எடத்துல பண்ற காரியமா இது? கேண்டீன்ல அத்தனை பேரு. ஆபரேட்டர் பசங்க வேற வாயைப் பொளந்துட்டு நிக்கறாங்க. எங்க கம்பெனியில அம்பத்தெட்டுல நிறுத்துவாங்க. வருசம் தெரிஞ்சா வயசு தெரிஞ்ச மாதிரி. மொதல்ல இருவதைக் கூப்பிட்டான். மெசின் ஷாப்புல இருந்து நரைச்ச தலையா நாலஞ்சு பேரு போயி உக்காந்தாங்க. அந்தத் தம்பி அதோட விட்டானா? "டிஸ்பாட்ச்சுல இருந்தும் ஒருத்தங்க இருவதுல வரணும்னு ஆபீஸ்ல சொன்னாங்களே"ன்னான்.

எங்க செக்சன் பொம்பளைக எல்லாம் ஒருத்தி மொகத்தை ஒருத்தி பாத்தாளுக. எனக்கு என்னமோ அப்பத்தான் டம்ளர்ல அடியில சக்கரை கரையாமக் கெடக்கறது தெரிஞ்சுது. அதைக் கலக்கிட்டே இருந்தன். நான் எந்திரிக்க மாட்டனுங்க. வாத்தியாரு பண்ணுன தப்புக்கு நான் ஏன் எந்திரிக்கோணும்?

கோகிலவாணி அக்காதான் எந்திரிச்சாங்க. சேலையை ஒதறிட்டு, "நாந்தான் தம்பி"ன்னு சொல்லிப்போட்டு நேராப் போயி அந்த நரைச்ச தலைகளுக்கு நடுவுல உக்காந்தாங்க. அந்தத் தம்பி கையில இருந்த காகிதத்தைப் பாத்தான், அவியளைப் பாத்தான், என்னமோ கேக்க வாயெடுத்தான். அவிய அவனையே பாத்துட்டு இருந்தாங்க. அவன் காகிதத்தைத் திருப்பிப் போட்டுட்டு அடுத்து இருவத்தஞ்சைக் கூப்பிட்டான்.

எனக்கு அப்ப மனசுல என்ன தோணுச்சு தெரியுங்களா? பாத்தியா, நாம இத்தனை வருசமா அக்கான்னு கூப்பிட்டது சரியாத்தான் போச்சுன்னு தோணுச்சு. நான் நினைச்சதுக்கு மேலயே வயசு ஆயிருக்குது அவியளுக்கு. அந்தத் தெம்புல நான் எந்திரிச்சு, இருவத்தஞ்சையும் தாண்டி முப்பதுல போயி உக்காந்தன். பக்கத்துல எல்லாம் இன்னும் தலை நரைக்காத புள்ளைக. நல்லாத்தான் இருந்துச்சு.

நிரஞ்சன் என்றகிட்ட வந்து, "மேடம், முப்பது சரியா வருங்களா?"ன்னு கேட்டான். பாத்தாத் தெரியலையா தம்பின்னன். "இது பாத்துப் போடறது இல்லைங்க மேடம்"னான். முன்னாடியே பணம் வேணும்னா இதுல அப்ப நெறையா ஷேரு இருக்கும், சந்தை எறங்குன நேரமா இருந்தா அடி விழும்னு சொன்னான். எனக்கு எல்லாம் தெரியும், நீ எழுதிக்கன்னுட்டன். எந்த வருசம் வேணும்னாலும் எடுக்கலாம்னு சட்டம் இருக்கறப்ப அவன் என்ன பண்ணுவான்? கோகிலவாணி அக்கா மட்டும் அவன்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க. வருசம் தாண்டியும் போற வகைதான் வேணும்னு கேட்டு வாங்கினாங்களாம். இருவதுல ரிடையர் ஆகிற ஆளுக்கு அது எதுக்குன்னு எனக்கு வெளங்கலை. கொஞ்சம் பேராசைன்னு நினைச்சுக்கிட்டன்.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருசம் என்ற காலமுங்க. ஷேரு ஏறுச்சு. நிரஞ்சன் வர்றப்ப எல்லாம் முப்பதுதான் எச்சாப் போயிருக்குதும்பான். நான் செக்சனுக்கே காரச்சேவும் ஜிலேபியும் வாங்கிக் குடுத்தன். கோகிலவாணி அக்காவைக் கூப்பிட்டு, வெசனப்படாதீங்க அக்கா, உங்க வயசுக்குப் பத்திரம்தானே முக்கியம்னு தேத்துனன். "நல்லதுதானே வசந்தா, நீ நல்லா இரு"ன்னாங்க. பொறாமையே கிடையாது அவியளுக்கு. ஜிலேபியை மட்டும் ரெண்டு எடுத்துக்கிட்டாங்க.

அப்புறம் கொரோனா வந்துச்சு.

மார்ச் மாசம் சந்தை படுத்துருச்சு. டிவியில ஒருத்தன் செவப்புக் கோட்டைக் காட்டி, கெணத்துக்குள்ள வாளி போற மாதிரி போகுதுன்னான். முப்பதுக்காரங்க எல்லாருக்கும் அடி. ஆனா மத்த முப்பதுக்காரிகளுக்குப் பத்து வருசம் இருக்குது, அவளுக போனை மூடி வெச்சுட்டுப் பேசாம இருந்தாளுக. எனக்கு மே மாசம் ரிடையர்மெண்ட். அதாவது, சர்ட்டிபிகேட்டுப்படி. எல்லார்த்துகிட்டயும் நான் சொன்னது, நானாக் கேட்டு முன்னாலயே வாங்கிக்கறன்னு. உண்மையும் அதுதானுங்க, என்ற நெச வயசுக்கு அது முன்னாலதானே? வாசல்ல மாஸ்க்கைப் போட்டு நிக்க வெச்சு ஒரு சால்வை போத்துனாங்க. அப்ப புதுசா வந்த புள்ளை ஒருத்தி, அக்காவுக்கு முன்னால நீங்க எப்படிப் போறீங்கன்னு கேட்டுட்டா. கோகிலவாணி அக்காதான், "வசந்தாவுக்கு வூட்டுல சோலி இருக்குது, அதான். எனக்கு மேனேஜ்மெண்டுல நீட்டிச்சுக் குடுத்திருக்காங்க"ன்னு சொல்லி அவ வாயை அடைச்சாங்க. நீட்டிப்புக் குடுத்தது எனக்கே அப்பத்தான் தெரியும்.

வூட்டுக்கு வந்தா அங்க வேற கதை. என்ற ஊட்டுக்காரரு லேத்து பட்டறை வெச்சிருந்தாரு. அதுவும் மூடிக் கெடக்குது. ஃபண்டுல மிச்சம் இருக்கறதை எடுத்து வா, சாப்பிடோணும்னாரு. நிரஞ்சனுக்குப் போன் போட்டன். அவன், "இப்ப எடுத்தீங்கன்னா எறங்குனது எறங்குனதுதாங்க மேடம். முடிஞ்சா விட்டு வைங்க"ன்னான். முடிஞ்சா! வெறும் அடுப்பைப் பாத்துட்டு எப்படி முடியும்? நான் எடுக்க மாட்டன்னன், அவரு எடுன்னாரு. பேச்சு முத்தி, "எல்லாரும் அவங்கவங்க வயசுக்கு எழுதுனா, நீ மட்டும் எளசுன்னு எழுதுனியே. உனக்கு அம்பத்தெட்டுடி வசந்தா"ன்னாரு. ஜன்னல் தொறந்து கெடந்துச்சு. எதுத்தூட்டுக்காரி கொடியில துணி காயப்போட்டுட்டு நிக்கறா. நான் அவருகூடப் பேச்சையே விட்டுட்டன். பணத்துக்கோசரம் இல்லை, ஜன்னலுக்கோசரம்.

சரி, நாளைக்கு எழுதிக் குடுத்து எடுத்தர்றதுதான்னு நான் எறங்கி வந்த சமயத்துல, வாசல்ல மொபெட் சத்தம். கோகிலவாணி அக்கா. உள்ளார வரலை, கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னாங்க. "முதலாளி உன்னைக் கூட்டியாரச் சொன்னாரு வசந்தா. வடநாட்டுப் பசங்க ஊருக்குப் போயிட்டாங்க, ஆர்டரு குமிஞ்சு கெடக்குது, நீ இல்லாம ஓடலை. தினக்கூலியா வா"ன்னாங்க.

பாத்தீங்களா. என்னை விட்டா அங்க ஆளில்லை. மறுநாளே போயிட்டன். அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு வாச்மேன் ராயப்பன்தான் சொன்னான், கோகிலவாணி அக்கா முதலாளி ரூமுக்குப் போயிப் போயி நின்னாங்களாம். என்ற ஓவர்டைமை வேணும்னாலும் நிறுத்திக்கங்க, அந்தக் காசுல வசந்தாவை எடுங்கன்னு கேட்டாங்களாம். எனக்குப் புரிஞ்சுதுங்க. ஓவர்டைம் செய்ய ஒடம்பு ஒத்துழைக்கலை. அந்த வயசுல எப்படி முடியும்? அதைச் சொல்றதுக்கு வெக்கப்பட்டு என்ற பேரைச் சொல்லியிருக்காங்க. நானும் கேட்டுக்கலை. அவியளுக்குச் சங்கடமா இருக்கும்.

அப்படியே ஒரு வருசத்துக்கும் மேல ஓட்டுனன். ஃபண்டைத் தொடலை. சந்தை எந்திரிச்சுது பாருங்க, விட்டதைப் புடிச்சு அதுக்கு மேலயும் போச்சு. அப்ப எடுத்தன். மேல ஒரு போர்சன் கட்டி வாடகைக்கு விட்டாச்சு. என்ற ஊட்டுக்காரரு இப்ப டீக்கடையில உக்காந்து, என்ற சம்சாரம் அப்பவே கணக்குப் போட்டுத்தான் முப்பதை எடுத்தான்னு நாயம் பேசறாரு. நான் மறுக்கலை. கோகிலவாணி அக்காவோடது ஆடவும் இல்லை, பெருசா ஏறவும் இல்லை. அந்தத் தாண்டிப் போற வகையை எடுத்திருந்ததால ஏதோ கொஞ்சம் வளந்திருக்குது. இருவத்தஞ்சை எடுத்திருந்தா அவங்களுக்கு இன்னும் எச்சா வந்திருக்கும்னு நிரஞ்சன் இன்னைக்கு விழாவுல என்றகிட்டச் சொன்னான். சொல்லிட்டு என்னையே பாத்துட்டு நின்னான். நான் என்ன பண்றது? ஆளுக்கு ஆளு ரோசனை மாறும்.

இன்னைக்கு நல்ல கூட்டமுங்க. அக்காவோட மகளும் மருமகனும் வந்திருந்தாங்க. ஆபீஸ்காரரு மைக்கைப் புடிச்சு, அம்பத்தெட்டு நிறைஞ்சு ஓய்வு பெறும் கோகிலவாணி அவர்களேன்னு ஆரம்பிச்சாரு. அம்பத்தெட்டா! அப்புறம் யோசிச்சன், அவியளுக்கும் எவனோ ஒரு வாத்தியாரு கொறைச்சுப் போட்டிருக்கான். ஊருக்கு ஊரு இந்த வாத்தியாருக பண்ற அக்கிரமம் இருக்குதே.

கடைசியா அக்கா பேசுனாங்க. அவிய மைக்குல பேசி நான் பாத்ததே இல்லை. மத்தவியளுக்கு நன்றி எல்லாம் சுருக்கமா சொல்லிப்போட்டு, என்ற பக்கம் திரும்புனாங்க. "நான் இங்க வந்தப்ப இருவத்து சொச்சம் வயசு. புருசன் விட்டுட்டுப் போனவ. பஸ்ஸுலயும் சரி, மொதல்ல வேலை பாத்த எடத்துலயும் சரி, எப்படி எப்படிப் பாத்தாங்கன்னு எனக்குத்தான் தெரியும். இங்க மொத நாளு, என்னை விட மூத்தவங்க ஒருத்தங்க என்னை அக்கான்னு கூப்பிட்டாங்க. எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா அன்னைக்கிருந்து இந்தக் கம்பெனியே என்னை அக்கான்னுச்சு. ஒருத்தன் என்றகிட்டத் தப்பா ஒரு வார்த்தை பேசினதில்லை. அந்தப் பேரு எனக்குச் சம்பளத்துக்கு மேல"ன்னாங்க.

பந்தல்ல எல்லாரும் என்ற பக்கமே பாக்கறாங்க. அந்த மூத்தவங்க ஆருன்னு எனக்கும் தெரியலை. நான் சேந்தப்ப லேபர்ல ராஜாமணின்னு ஒருத்தி இருந்தா, அவளா இருக்கும்.

அப்புறம் மேடையை விட்டு எறங்கி, அத்தனை பேருக்கு நடுவுல நேரா என்றகிட்ட வந்து என்ற ரெண்டு கையையும் புடிச்சுட்டாங்க. "இனி நான் இங்க வேலைக்கு வரமாட்டன், எனக்கு அந்த அக்காங்கற பேரு வேண்டாமுங்க. என்ன வசந்தாக்கா, திருப்பிக் குடுத்தர்றனுங்க"ன்னாங்க. எங்க செக்சன் பொம்பளைக எல்லாம் கையைத் தட்டறாளுக, சிரிக்கறாளுக, ஒருத்தி விசிலே அடிச்சா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. காத்தால தலைக்குப் போட்ட டை, வேர்வைக்கு எறங்கிருச்சு போல.

பாவமுங்க. வயசாயிருச்சில்ல, மொறை தடுமாறுது. அக்காவுக்கும் தங்கச்சிக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு. நல்ல நாளும் அதுவுமா அவிய மனசை ஏன் நோகடிக்கோணும்? புடிச்ச கையை நானும் விடலை.

"சொல்லு கோகிலா"ன்னுட்டன்.